விலையில்லாமல் கிடைக்கும் பங்கு விலைகள்

பங்குகளை எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்பதற்கென வகுக்கப்பட்ட ஒரு விதித்தொகுப்பு, கடந்த பத்து இருபது ஆண்டுகளில் பின்பற்றப்பட்டிருந்தால் என்ன லாபம் தந்திருக்கும் என்பதைப் பழைய விலைகளின் மீது ஓட்டிப் பார்த்துக் கணக்கிடும் முறையைச் சந்தை வட்டாரத்தில் ‘பேக்டெஸ்ட்’ என்பார்கள். முன்பு பெரிய நிதி நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகளில் மட்டும் நடந்துவந்த இந்த வேலை, இன்று ஒரு மடிக்கணினியும் கொஞ்சம் பைத்தான் நிரல் அறிவும் உள்ள எவருக்கும் கைவந்துவிட்டது. சிறு முதலீட்டாளர்கள் கணினி நிரல் வழியே ஆர்டர் போடும் அல்கோ வர்த்தகத்துக்கான நெறிமுறைகளை 2025 பிப்ரவரியில் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்டதே இந்தப் பரவலுக்குச் சான்று. நிரல்மொழிக்குக் காசு இல்லை, அதைக் கற்பதற்கும் காசு இல்லை என்று ஆனபிறகு, விலைத் தரவுக்கு மட்டும் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. ஆனால், நிரலில் உள்ள பிழை பல நேரம் ஓட்டும்போதே முட்டி நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். விலையில் உள்ள பிழையோ பெரும்பாலும் லாபமாக வேடமிட்டு வந்து நிற்கும்.

2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்கு சார்ந்த ஊக வணிகப் பிரிவான எஃப் அண்ட் ஓ சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தனர் என்றும், அந்த நஷ்டம் மொத்தத்தில் ரூ.1.8 லட்சம் கோடியைத் தாண்டியது என்றும் செபியின் ஆய்வு காட்டியது. அதே ஆய்வின்படி, 2023–24இல் அந்தப் பிரிவில் அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதமும், சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் அல்கோ முறையில் வந்தவை. ஆகவே, விதிகளை வகுத்துக் கணினியிடம் ஒப்படைப்பது வீண்வேலை அல்ல. அதை எந்தத் தரவின் மீது சோதித்து ஒப்படைக்கிறார்கள் என்பதே கேள்வி.

இலவசத் தரவு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரு வகைகள் உண்டு. ஒன்று, சந்தையே வெளியிடும் மூல ஆவணம். தேசியப் பங்குச் சந்தையும் மும்பைப் பங்குச் சந்தையும் ஒவ்வொரு நாளும் வர்த்தகம் முடிந்த பிறகு, அன்று கைமாறிய எல்லாப் பங்குகளின் தொடக்க விலை, உச்ச விலை, அடிமட்ட விலை, முடிவு விலை, கைமாறிய எண்ணிக்கை ஆகியவற்றை ‘பாவ்காப்பி’ என்ற ஒரே கோப்பாக வெளியிடுகின்றன. அன்றைய நாளில் என்ன நடந்ததோ அது மட்டுமே அதில் இருக்கும். பின்னால் நடந்த எதுவும் அதற்குத் தெரியாது. மற்றொன்று, யாஹூ ஃபைனான்ஸ் போன்ற தளங்கள் அந்த விலைகளைப் பங்கு வாரியாகக் கோத்து, பங்குப் பிரிப்பு, போனஸ், டிவிடெண்ட் ஆகியவற்றுக்கு ஏற்பத் திருத்தி, ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரே வரிசையாகத் தரும் பதப்படுத்தப்பட்ட தரவு. முதல் வகையை நாள்தோறும் ஒரு கோப்பாக ஆயிரக்கணக்கில் சேகரித்துப் பொருத்துவது சலிப்பூட்டும் வேலை. இரண்டாவது, ஒரு வரி நிரலில் வந்து இறங்கிவிடும். சோதனை செய்வோரில் பெரும்பாலோர் இரண்டாவதை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் நம்பகத்தன்மையைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. காசு கேட்காததால் ஒரு தரவு கெடுவதில்லை, யார் எந்த விதிப்படி எப்போது திருத்தினார் என்று கேட்க ஆளில்லாததால்தான் கெடுகிறது.

திருத்தம் தேவையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 ஜனவரி 5 அன்று நெஸ்லே இந்தியா பங்கின் 10 ரூபாய் முகமதிப்பு 1 ரூபாயாகப் பிரிக்கப்பட்டபோது, முந்தைய நாள் 27,000 ரூபாயை ஒட்டி நின்ற பங்கு மறுநாள் 2,700 ரூபாயை ஒட்டி வந்தது. ஒரு பங்கு வைத்திருந்தவரிடம் பத்துப் பங்குகள் இருந்ததால் அவருக்கு நஷ்டம் ஏதுமில்லை. ஆனால் திருத்தாத வரிசையைப் படிக்கும் நிரலுக்கு அது ஒரே நாளில் 90 சதவீதச் சரிவு. அதனால் அந்தத் தேதிக்கு முந்தைய விலைகளைப் பத்தால் வகுத்தும், எண்ணிக்கைகளைப் பத்தால் பெருக்கியும் வரிசையைச் சீராக்குகிறார்கள். இதுவரை சிக்கலில்லை. சென்னையின் எம்ஆர்எஃப் நிறுவனம் தன் பங்கைப் பிரிக்காமலேயே விட்டு, 2023 ஜூனில் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொடும் அளவுக்கு வளரவிட்டது. எல்லா நிறுவனங்களும் இப்படி இருந்தால் தரவு திருத்துவோருக்குப் பாதி வேலை குறைந்திருக்கும்.

டிவிடெண்டுக்கான திருத்தம் அவ்வளவு எளிதல்ல. மெஜஸ்கோ நிறுவனம், தன் அமெரிக்கத் தொழிலை விற்றுக் கிடைத்த பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பகிரும் விதமாக, 2020 டிசம்பரில் பங்கு ஒன்றுக்கு 974 ரூபாய் இடைக்கால டிவிடெண்ட் அளித்தது. முந்தைய நாள் 985 ரூபாயை ஒட்டி முடிந்திருந்த பங்கு, டிவிடெண்ட் உரிமை நீங்கிய டிசம்பர் 23 அன்று 12 ரூபாயை ஒட்டி விழுந்தது. டிவிடெண்டைக் கணக்கில் கொள்ளாத பட்டியலில், அந்தப் பங்கை வைத்திருந்தவர் ஒரே நாளில் தன் பணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய்தான் மிச்சம் என்று ஓட்டாண்டியாகிறார். உண்மையில் பங்கொன்றுக்கு 974 ரூபாய் டிவிடெண்ட் அவருக்கு உரியதாகியிருந்தது. டிவிடெண்டைக் கணக்கில் கொள்ளும் பட்டியலோ வேறொரு குழியில் விழுகிறது. 985இலிருந்து 974ஐக் கழித்தால் மிஞ்சும் 11 ரூபாய், 985இல் ஏறத்தாழ 1.1 சதவீதம் என்பதால், அதற்கு முந்தைய விலைகள் எல்லாம் அந்த விகிதத்தால் பெருக்கப்படுகின்றன. அதே ஆண்டில் 400 ரூபாய்க்கு விற்ற நாளின் விலை, திருத்திய வரிசையில் 4.50 ரூபாய்க்கும் கீழே தெரியும். ‘10 ரூபாய்க்குக் குறைந்த பங்குகளைத் தொடாதே’ என்ற விதி சிறு முதலீட்டாளர்களின் அமைப்புகளில் சர்வ சாதாரணம். அந்த விதி, 400 ரூபாய்க்கு விற்ற பங்கைச் சில்லறைப் பங்கு என்று ஒதுக்கித் தள்ளும். அதுவும், பல மாதங்களுக்குப் பிறகு அறிவிக்கப்படவிருந்த ஒரு டிவிடெண்டின் காரணமாக. எதிர்காலத்தில் மட்டுமே தெரியவரும் செய்தி கடந்த கால முடிவுக்குள் ஓசையில்லாமல் கசிந்துவிடும் இந்தக் குறையை, ‘முன்னறிவுப் பிழை’ என்று அழைக்கலாம்.

பிரிப்பு, போனஸ், டிவிடெண்ட் என்ற மூன்றோடு நிறுவனங்களின் செயல்கள் முடிந்துவிடுவதில்லை. ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸிலிருந்து நிதிச் சேவைப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டபோது, 2023 ஜூலை 19 அன்று தேசியப் பங்குச் சந்தையில் 2,841.85 ரூபாயில் முடிந்த பங்குக்கு, மறுநாள் காலையில் நடந்த சிறப்பு அமர்வில் 2,580 ரூபாய் என்று விலை தீர்ந்தது; இடைவெளியான 261.85 ரூபாய், பின்னர் ஜியோ ஃபைனான்ஷியல் சர்வீசஸ் என்ற பெயரில் பட்டியலிடப்பட்ட பங்கின் மதிப்பாகக் கொள்ளப்பட்டது. பங்குப் பிரிப்புக்கும் போனஸுக்கும் மட்டும் திருத்தும் வரிசையில் இது 9 சதவீதச் சரிவாகப் பதிவாகும். நாட்டின் மிகப் பெரிய பங்குகளில் ஒன்றிலேயே இந்தக் கதி என்றால், உரிமைப் பங்கு வெளியீடு, மூலதனக் குறைப்பு, இணைப்பு என்று அடிக்கடி உருமாறும் சிறு நிறுவனங்களின் வரிசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தவிர, பின்னோக்கிய திருத்தம் ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் பழைய விலை அனைத்தையும் மாற்றுவதால், ஜனவரியில் இறக்கிய கோப்பும் டிசம்பரில் இறக்கிய கோப்பும் 2012ஆம் ஆண்டின் ஒரே நாளுக்கு இரு வேறு விலைகளைச் சொல்லும். ஒருவர் செய்த சோதனையை இன்னொருவர் திரும்பச் செய்து சரிபார்க்க வழியில்லாமல் போகும். சேவையே நின்றுபோவதும் உண்டு: யாஹூ தன் பழைய பதிவிறக்க வழியை 2017 மே மாதம் முன்னறிவிப்பின்றி மூடியதும், அமெரிக்கப் பங்குகளுக்குப் பலரும் நம்பியிருந்த குவாண்டலின் இலவச ‘விக்கி’ தொகுப்பு 2018இல் புதுப்பிக்கப்படாமல் நின்றதும் அத்துறையினர் அறிந்தவை.

விலை தவறாக இருப்பதைவிடக் கேடானது, விலையே இல்லாமல் போவது. இலவசத் தளங்கள் பெரும்பாலும் இன்று பட்டியலில் உள்ள பங்குகளின் வரலாற்றையே தருகின்றன. திவாலானவை, இணைக்கப்பட்டவை, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவை ஆகியவற்றின் பெயரைத் தட்டினால் பல நேரம் வெறுமையே மிஞ்சும். இதனால் சோதனை, பிழைத்தவர்களை மட்டும் வைத்து நடக்கிறது. கரூரில் 1926இல் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் பேங்க் இந்தியாவுடன் இணைக்கப்பட்டபோது, இணைப்புத் திட்டத்தின்படி அதன் பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. கடைசியாக 7 ரூபாயை ஒட்டிக் கைமாறிக்கொண்டிருந்த பங்குக்கு ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை. ‘பாதிக்குப் பாதி விழுந்த வங்கிப் பங்கை வாங்கு’ என்று ஒரு விதி இருக்குமானால், இன்றுள்ள வங்கிகளை மட்டும் வைத்துச் சோதிக்கும்போது அது அற்புதமான விதியாகத் தோன்றும்; ஏனெனில் விழுந்து எழுந்தவை மட்டுமே கண்ணில் படுகின்றன. வங்கியின் பழைய வரிசை எங்கோ கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அது கடைசி நாளின் 7 ரூபாயோடு முடிவதால், 10 ரூபாய்க்கு வாங்கியவர் 30 சதவீத நஷ்டத்தோடு வெளியேறிவிட்டதாக நிரல் எழுதிக்கொள்ளும். உண்மை நஷ்டம் நூறு சதவீதம். திவால் சட்டத் தீர்வின்கீழ் பிரமல் குழுமத்திடம் போய்ச் சேர்ந்த டிஎச்எஃப்எல் நிறுவனத்தின் பங்கும் 2021 ஜூனில் 16 ரூபாயை ஒட்டிய விலையோடு நின்றுபோனது. அதன் பழைய பங்குதாரர்களுக்கும் கிடைத்தது பூஜ்யமே.

குறியீட்டெண்ணை வைத்துச் சோதிப்போர் இந்தப் பள்ளத்தில் தெரிந்தே விழுகிறார்கள். நிஃப்டியில் இன்றுள்ள 50 பங்குகளின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு 2008 முதல் ஓட்டிப் பார்ப்பது எங்கும் காணும் பழக்கம். ஆனால் 2008இல் நிஃப்டியில் இருந்தவை சத்யம், யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் போன்றவை. 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடி வெளியானதும் ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்த சத்யம், அடுத்த சில நாட்களில் நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டது. பின்னர் 2013இல், 17 பங்குக்கு 2 பங்கு என்ற விகிதத்தில் டெக் மஹிந்திராவுடன் இணைந்து பெயரும் மறைந்தது. நிஃப்டியில் சத்யத்தின் இடத்தைப் பிடித்த ரிலையன்ஸ் கேப்பிடலும் பிற்காலத்தில் திவால் நடவடிக்கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது சந்தைக்கே உரிய நகைமுரண். இன்றைய 50 பெயர்களும் பதினைந்து இருபது ஆண்டுகளில் வென்றதால்தான் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை 2008இலேயே தேர்ந்தெடுத்ததாகப் பாவித்தால், எந்த விதியும் இல்லாமல் வாங்கிப் போட்டிருந்தால்கூட சந்தையை வென்றுவிடலாம்.

விலை பதிவாகியிருக்கிறது என்பதாலேயே அந்த விலையில் வாங்கியிருக்க முடியும் என்று பொருளல்ல. இதற்கு எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கைவிடத் துலக்கமான உதாரணம் இந்தியச் சந்தையில் இல்லை. ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளைப் பெருமளவில் கையில் வைத்திருக்கும் இந்த நிறுவனம் மொத்தமாக வெளியிட்டவை 2 லட்சம் பங்குகள் மட்டுமே. பங்கொன்றின் புத்தக மதிப்பு லட்சக்கணக்கில் இருந்தபோதும், மும்பைப் பங்குச் சந்தையின் பதிவில் அதன் விலை 3.53 ரூபாயாகவே கிடந்தது. காரணம், அந்த விலைக்கு விற்க எவருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. இத்தகைய முதலீட்டு நிறுவனங்களின் உண்மை விலையைக் கண்டறிய செபி அனுமதித்த சிறப்பு ஏலம் 2024 அக்டோபர் 29 அன்று நடந்தபோது, பங்கு 2,36,250 ரூபாயில் முடிந்தது. ‘புத்தக மதிப்பைவிட மலிவாகக் கிடைக்கும் நூறு பங்குகளில் சம அளவு பணம் போடு’ என்ற விதியை ஒரு லட்சம் ரூபாயோடு சோதிப்பவரின் நிரல், எல்சிட் பங்கில் ஆயிரம் ரூபாய்க்கு 283 பங்குகளை எந்தக் கூச்சமும் இல்லாமல் வாங்கிவிடும். ஏலம் நடந்த அன்று மாலை அவற்றின் மதிப்பு 6.69 கோடி ரூபாய். மீதமுள்ள 99 பங்குகளும் பூஜ்யமாகப் போனாலும், அந்த அமைப்பு இந்திய வரலாற்றின் தலைசிறந்த வர்த்தக அமைப்பாகத் திரையில் ஒளிரும். தினந்தோறும் அப்பர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச விலை வரம்பில், முட்டிக்கொண்டு விற்பவரே இல்லாமல் ஏறும் சிறு பங்குகளில் இதே கூத்து சிறிய அளவில் அன்றாடம் நடக்கிறது.

முடிவு விலை என்பதும் பலர் நினைப்பதுபோல் கடைசியாகக் கைமாறிய விலை அல்ல. இந்தியச் சந்தைகளில் பல ஆண்டுகளாக, பிற்பகல் 3 மணிமுதல் 3.30 வரையிலான கடைசி அரைமணி நேர வர்த்தகத்தின் சராசரி விலையே, கைமாறிய அளவுக்கேற்ப எடையிட்டு, முடிவு விலையாக வெளியிடப்பட்டுவந்திருக்கிறது. கடைசி விலை பாவ்காப்பியில் தனிக் கட்டத்தில் இருக்கும். முடிவு விலையைப் பார்த்து முடிவெடுத்து அதே முடிவு விலையில் வாங்கியதாகக் காட்டும் நிரல், அரைமணி நேரம் முழுவதும் முடிந்த பிறகே தெரியவரும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அந்த அரைமணிக்குள் வியாபாரம் செய்கிறது. வர்த்தகம் முடிந்த பிறகு அந்த விலையிலேயே வாங்கவும் விற்கவும் ஓர் அமர்வு உண்டு என்று வாதிடலாம். அதில் கைமாறும் அளவைப் பார்த்தவர்கள் அந்த வாதத்தை முன்வைக்கமாட்டார்கள். தொடக்க விலையும் அப்படியே: முன்பு காலையில் சந்தை திறந்ததும் முதலில் கைமாறிய விலையாக இருந்தது, 2010 அக்டோபரிலிருந்து படிப்படியாக ஏலமுறையில் தீரும் விலையாக மாறியது. இருபது ஆண்டு வரிசையில் ‘தொடக்கம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இரு வேறு பொருட்கள் கலந்திருக்கின்றன.

பிழைகள் இருபக்கமும் சமமாக இருந்து ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று எண்ணுவதே இதில் பெரிய ஏமாற்றம். ஒரு விதியில் 20 நாள் சராசரியா, 25 நாள் சராசரியா, 30 நாள் சராசரியா என்று நூற்றுக்கணக்கான மாற்றங்களைப் போட்டுப் பார்த்து, அதிக லாபம் தருவதைத் தேர்ந்தெடுப்பதே சோதனையின் நடைமுறை. தரவில் ஓரிடத்தில் பொய்யான தாழ்விலை ஒன்று இருந்தால், அதில் வாங்கி மறுநாள் விற்கும் அமைப்பு தானாகவே முதலிடத்துக்கு வரும். பொய்யால் நஷ்டப்பட்ட அமைப்பு பட்டியலின் அடியில் போய் மறையும். தேடல் எவ்வளவு தீவிரமோ, அவ்வளவு நிச்சயமாகப் பிழைகள் பொறுக்கி எடுக்கப்படுகின்றன. அதற்காகச் சந்தேகத்துக்குரிய விலைகளை எல்லாம் வடிகட்டிவிடலாம் என்றால், 2012 அக்டோபர் 5 குறுக்கே நிற்கிறது. அன்று ஒரு தரகு நிறுவனம் தவறாகப் போட்ட 59 ஆர்டர்களால் நிஃப்டி சில நொடிகளில் 900 புள்ளிகளை ஒட்டி விழுந்து, வர்த்தகமே நிறுத்தப்பட்டது. அன்றைய நிஃப்டியின் அடிமட்டப் புள்ளி எந்த வடிகட்டிக்கும் தரவுப் பிழையாகவே தோன்றும். ஆனால் அது உண்மையாக நிகழ்ந்த வர்த்தகம், நஷ்டத்தை ஒரு வரம்பில் நிறுத்தும் ‘ஸ்டாப் லாஸ்’ ஆர்டர் போட்டிருந்தவர்களின் பங்குகள் உண்மையாகவே அடிமாட்டு விலைக்குப் போயின.

பணம் கட்டி வாங்கும் தரவு இவை எல்லாவற்றிலிருந்தும் தப்பிவிடும் என்பதும் மூடநம்பிக்கையே. பங்கு விலை ஆய்வின் ஆதார நூலகமாகக் கருதப்படும் சிஆர்எஸ்பி தொகுப்பு, மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் நிதியுதவியோடு சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லோரியின் முயற்சியால் 1960இல் தொடங்கப்பட்டது. நியூயார்க் பங்குச் சந்தையின் 1926 முதலான விலைகள் பெரும் உழைப்பில் அதில் சேர்க்கப்பட்டன. அத்தகைய தொகுப்பிலும் விரல்விட்டு எண்ணத்தக்க சில பெரிய பிழைகள் புள்ளியியல் முடிவுகளைப் புரட்டிவிடப் போதுமானவை என்று ரோசன்பர்கும் ஹூக்லெட்டும் 1974இல் காட்டினார்கள். நிறுவனம் நொடித்துப் பட்டியலிலிருந்து நீங்கும்போது ஏற்படும் கடைசி நஷ்டம் அதில் பல இடங்களில் விடுபட்டிருப்பதை டைலர் ஷம்வே 1997இல் வெளிப்படுத்தினார்; 1999இல் அவரும் வின்சென்ட் வார்தரும் அந்த நஷ்டத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறு நிறுவனப் பங்குகள் அதிக லாபம் தரும் என்ற புகழ்பெற்ற முடிவு நாஸ்டாக் பங்குகளைப் பொறுத்தவரை காணாமலே போனது. லட்சுமி விலாஸ் வங்கியின் 7 ரூபாய் எழுப்பும் அதே கேள்விதான் இது. வேறுபாடு என்னவென்றால், அங்கே பிழை கண்டவர் அதை அச்சிட்டார், தொகுத்தவர் திருத்தினார், திருத்தியது யாவருக்கும் தெரிந்தது. இலவசத் தளத்தில் திருத்தப்பட்டால்கூட யாருக்கும் தெரியாது.

இலவசமாகவும் பொறுப்போடும் தரவு தர முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. அகமதாபாத் ஐஐஎம்மில் அகர்வாலா, ஜேக்கப், வர்மா ஆகிய பேராசிரியர்கள் தொகுத்த, பங்குகளின் லாபத்தை விளக்க உதவும் இந்தியச் சந்தைக் காரணிகளின் வரிசை, மறைந்துபோன நிறுவனங்களையும் கணக்கில் சேர்த்து, கணக்கிட்ட முறையையும் விளக்கி, யாரும் இறக்கிக்கொள்ளும் வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது காரணிகளின் வரிசை. தனித்தனிப் பங்குகளின் விலை வேண்டுவோர் பாவ்காப்பிக்குத்தான் திரும்ப வேண்டும். சத்யமும் லட்சுமி விலாஸ் வங்கியும் அவற்றின் கடைசி நாள் வரை அதில் இருக்கின்றன. அதைக் கோத்தெடுக்க முயல்வோரைத் திணறடிப்பது அடையாளச் சிக்கல். ஹீரோ ஹோண்டா ஹீரோ மோட்டோகார்ப் ஆனதுபோலவும், சேசா கோவா வேதாந்தா ஆனதுபோலவும் பெயர்க் குறியீடுகள் மாறிவிடுகின்றன. மாறாத அடையாளம் என்று பலர் நம்பும் ‘ஐசின்’ என்ற 12 எழுத்து எண்ணும், முகமதிப்புப் பிரிக்கப்படும்போது இந்தியாவில் புதிதாக வழங்கப்படுகிறது. தொடக்க ஆண்டுகளின் கோப்புகளில் அந்த எண்ணே கிடையாது.

இந்த வேலையை ஒவ்வொரு முதலீட்டாளரும் தன் வீட்டில் தனித்தனியே, தனித்தனித் தவறுகளோடு செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. எந்தக் குறியீடு எந்த நாளில் எதுவாக மாறியது, எந்த ஐசின் எண்ணுக்குப் பின் எது வந்தது, எந்தப் பங்கு என்ன காரணத்தால் நீக்கப்பட்டது, நீக்கத்துக்குப் பின் பங்குதாரர் கைக்கு எவ்வளவு வந்தது, எந்தெந்த நாளில் குறியீட்டெண்களில் எவை இருந்தன என்பவை அனைத்தும் சுற்றறிக்கைகளாகவும் செய்திக் குறிப்புகளாகவும் சந்தைகளிடம் ஏற்கெனவே சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே பேரேடாகத் தொகுத்து, திருத்தம் செய்தால் திருத்திய தேதியோடு, பாவ்காப்பி வெளியாகும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு செபி இரு சந்தைகளுக்கும் உத்தரவிடலாம். அல்கோ ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் அடையாள எண் கேட்கத் தெரிந்த அமைப்புக்கு, அந்த ஆர்டர்களுக்கு அடிப்படையான பங்குகளுக்கு நிலையான அடையாளம் ஒன்றைக் கேட்பது பெரிய காரியமாக இருக்க முடியாது.